ஒரே கணினி, வீட்டில் ஐந்து பேர்: யாருக்கு எந்தக் கணக்கு, யாரிடம் எந்தப் பாஸ்வேர்டு?

கேள்வி இதுதான்: வீட்டில் விண்டோஸ் 11 போட்ட ஒரே ஒரு கணினி. அப்பா, அம்மா, மனைவி, பத்தாவது படிக்கும் மகன், கேட்டவர் என ஐந்து பேரும் ஒரே கணக்கில், பாஸ்வேர்டே இல்லாமல் பயன்படுத்துகிறார்கள். மகன் ஏதோ விளையாட்டை இறக்கிய பிறகு பிரௌசர் திறந்தாலே விளம்பரப் பக்கம் வருகிறது. அப்பா சேமித்து வைத்திருந்த ஓய்வூதியக் கோப்பு ஒன்றை யாரோ அழித்துவிட்டார்கள். தனித்தனியாகப் பிரிக்கலாமா, பிரித்தால் அப்பா பாஸ்வேர்டை மறந்துவிடுவாரே, அப்போது என்ன செய்வது?

பிரிக்கலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் நிறையப் பேர் இதை "யாருடைய ரகசியத்தை யாரிடமிருந்து மறைப்பது" என்ற விஷயமாக நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள், தனிக் கணக்கு வேண்டும் என்று கேட்டாலே என்னத்தை ஒளிக்கப் போகிறாய் என்ற பார்வை வந்துவிடுகிறது. ரகசியம் இரண்டாவது விஷயம். முதல் விஷயம் அதிகாரம். கணினியில் எதை வேண்டுமானாலும் மாற்றுகிற உரிமை, தினமும் உட்கார்ந்து பயன்படுத்துகிற கணக்கில் இருக்கக் கூடாது. மகனுடைய கணக்கில் மட்டுமல்ல, உங்கள் கணக்கிலும் கூடாது.

விண்டோஸில் இரண்டு வகைக் கணக்கு உண்டு. ஒன்று அட்மின், இன்னொன்று சாதாரணக் கணக்கு, திரையில் 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்று இருக்கும். கணினியை முதன்முதலில் தொடங்கும்போது உருவாகிற கணக்கு எப்போதும் அட்மின்தான். உங்கள் வீட்டில் ஐந்து பேரும் உட்காருவது அந்தக் கணக்கில்தான். எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது திரை மங்கி, இந்தச் செயலி மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று ஒரு பெட்டி கேட்கிறதே, அட்மின் கணக்கில் அதற்கு 'யெஸ்' அழுத்தினால் போதும். பத்தாவது படிக்கிற பையன் அதைப் படித்துப் பார்த்து அழுத்துவான் என்று எதிர்பார்க்க முடியாது, நாமும் படிப்பதில்லை. அதே பெட்டி சாதாரணக் கணக்கில் வந்தால் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அது தெரியாதவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான். உங்கள் பிரச்சினையில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலேயே தீர்ந்துவிடும்.

நாம் எல்லோரும் ஒரே கணக்கில் உட்காருவதற்குப் பழைய பழக்கமும் காரணம். விண்டோஸ் 98 காலத்தில் பாஸ்வேர்டு கேட்கிற பெட்டியில் எஸ்கேப் விசையை அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். 2001-இல் எக்ஸ்பி வந்தபோதும் வீட்டில் உருவாக்கிய கணக்கெல்லாம் இயல்பாக அட்மின் கணக்காகவே இருந்தது. அந்த அனுமதிப் பெட்டியே 2007-இல் விஸ்டாவோடுதான் வீடுகளுக்கு வந்தது. கணினி மாறிவிட்டது, நம் கை பழக்கம் மாறவில்லை.

சாதாரணக் கணக்கு என்றால் எதுவுமே இன்ஸ்டால் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். சில செயலிகள் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், அதற்கு அட்மின் அனுமதி தேவையில்லை. அப்படி ஒரு தீய செயலி வந்தால் மகனுடைய கோப்புகளைக் கெடுக்கலாம், அவன் பிரௌசரில் விளையாடலாம். ஆனால் அப்பாவின் கோப்புறைக்குள் போகாது, விண்டோஸின் அடிப்படைக் கோப்புகளைத் தொடாது. சேதம் ஒரு அறையோடு நிற்கும்.

சரி, எப்படிப் பிரிப்பது. இங்கே எல்லோரும் செய்கிற தவறு, இப்போதிருக்கும் கணக்கை அட்மினாக விட்டுவிட்டு, ஐந்து பேருக்கும் புதிதாகக் கணக்கு திறந்து, பழைய கணக்கிலிருந்து கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்ற முயல்வது. இரண்டு நாளில் சலித்துப்போய் எல்லோரும் பழைய கணக்குக்கே திரும்பிவிடுவார்கள். கோப்புகளை நகர்த்தாதீர்கள், உரிமையை நகர்த்துங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ் போய்ப் புதிதாக ஒரே ஒரு கணக்கு சேருங்கள். மின்னஞ்சல் கேட்கும்போது, இவருடைய சைன் இன் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் கீழே ஒரு வரி இருக்கும், அதை அழுத்தினால் அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழி வரும். பெயர் 'வீடு' என்று இருக்கட்டும், மனிதர் பெயர் வேண்டாம். அதற்கு நல்ல பாஸ்வேர்டு வைத்து, கணக்கு வகையை அட்மின் என்று மாற்றுங்கள். ஒருமுறை அந்தக் கணக்கில் நுழைந்து, எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு, அந்தக் கணக்கில் இருந்தபடியே, பழைய கணக்கை அட்மினிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு இறக்குங்கள்.

பழைய கணக்கு, அதில் அதிகம் கோப்பு வைத்திருப்பவருக்கே போகட்டும். உங்கள் வீட்டில் அது அப்பா என்று தோன்றுகிறது. அவருக்கு எதுவும் மாறாது, அதே டெஸ்க்டாப், அதே இடத்தில் அதே ஐகான். வயதானவர்களுக்கு இது மிக முக்கியம். மற்ற நான்கு பேருக்கும் புதுக் கணக்கு திறந்து, அவரவர் படங்களையும் கோப்புகளையும் மட்டும் அங்கே நகலெடுத்துக் கொடுங்கள். வைஃபை, பிரின்டர் இரண்டும் பொதுவாக மறுபடி அமைக்க வேண்டியிருக்காது. வால்பேப்பர், தமிழ் விசைப்பலகை, எழுத்தின் அளவு, விண்டோஸ் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அவரவர் கணக்கோடு தனித்தனியாக நிற்கும். அம்மாவுக்கு எல்லாம் தமிழில் தெரியட்டும், எழுத்து பெரிதாக இருக்கட்டும், அதனால் மகனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிரித்த முதல் வாரத்திலேயே வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போவது இதுதான்.

இப்போது அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு ஓட்டை: டி டிரைவ். தனிக் கணக்கு கொடுத்த பிறகு, ஒவ்வொருவரின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் சி டிரைவில் யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் அவரவர் பெயரில் இருக்கும், அடுத்த சாதாரணக் கணக்கால் அதைத் திறக்க முடியாது. ஆனால் நம் ஊரில் கணினி வாங்கியதுமே, சி போனாலும் டி இருக்கும் என்று சொல்லி எல்லாவற்றையும் டி-யில் போடும் வழக்கம் இருக்கிறது. டி டிரைவுக்கு விண்டோஸ் இயல்பாகக் கொடுக்கிற அனுமதி, கணினியில் நுழைந்த யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்பது. ஐந்து கணக்கு திறந்து ஐந்து பாஸ்வேர்டு வைத்தாலும் டி-யில் இருக்கும் ஓய்வூதியக் கோப்பை மகன் தெரியாமல் அழிக்க முடியும். ஒன்று, முக்கியமானதை அவரவர் டாக்குமென்ட்ஸுக்குள் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் டி-யில் ஆளுக்கொரு கோப்புறை வைத்து, வலது கிளிக், பிராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் போய், டிரைவிலிருந்து தானாக வரும் அனுமதியை (இன்ஹெரிட்டன்ஸ்) நிறுத்திவிட்டு, அந்த நபரைச் சேர்த்து, அவரையும் அட்மினையும் சிஸ்டத்தையும் தவிர மற்றவர்களை எடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் பொதுவான குடும்பப் படங்களுக்கு யூசர்ஸுக்குள்ளேயே பப்ளிக் என்ற கோப்புறை இருக்கிறது.

மின்னஞ்சலோடு இணைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கா, அந்தக் கணினியில் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்கா என்ற கேள்வியும் வரும். விண்டோஸ் 11 ஹோமைப் புதிதாகத் தொடங்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கைத்தான் கேட்கும். பலர் கணினி வாங்கிய கடையிலேயே, கடைப் பையனின் மின்னஞ்சலைக் கொடுத்துத் தொடங்கிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இதைத் தயவுசெய்து இன்றே பாருங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் திறந்தால் எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று தெரியும். ஏன் சொல்கிறேன் என்றால், புதிய கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டு போட்டு எழுதப்படுகிறது, பிட்லாக்கர் என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள். அதன் 48 இலக்க மீட்புச் சாவி, கணினியை முதலில் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் மதர்போர்டு மாற்றினாலோ, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் அப்டேட் ஆனாலோ கணினி அந்த 48 எண்ணைக் கேட்கலாம். அது கடைப் பையனின் கணக்கில் இருந்தால், அவன் வேறு ஊருக்குப் போயிருந்தால், வட்டில் இருக்கும் எல்லாமே கைவிட்டுப் போனது போலத்தான். உங்கள் கணக்காக இருந்தால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் நுழைந்து அந்தச் சாவியை ஒரு தாளில் அச்சிட்டு வையுங்கள்.

அப்பா, அம்மாவுக்கு லோக்கல் கணக்கே போதும். ஒரே மைக்ரோசாஃப்ட் கணக்கை வீட்டில் இரண்டு மூன்று பேர் பகிரவே வேண்டாம். அதோடு வருகிற ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பில் இலவச இடம் 5 ஜிபி, ஒருவருடைய கல்யாண ஆல்பத்திலேயே அது நிரம்பிவிடும், அப்புறம் யாருடைய கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து, அப்பா மறந்துவிட்டால்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே ஒருமுறை பெரிய தவறு செய்தேன். அத்தை வீட்டில் இதேபோல எல்லாம் பிரித்துக் கொடுத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது கண்ணா என்று போன் செய்தார். நான் போய், அட்மின் கணக்கில் நுழைந்து, அத்தையின் கணக்குக்குப் புதுப் பாஸ்வேர்டு போட்டேன். ஒரு நிமிட வேலை. இடையில் ஒரு எச்சரிக்கை வந்தது, படிக்காமல் ஓகே அழுத்தினேன். அத்தை உள்ளே போனார், கோப்பெல்லாம் இருந்தது, ஆனால் பிரௌசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் அத்தனையும் போய்விட்டன. கூகுள் கணக்கோடு இணைக்காமல் அந்தக் கணினியில் மட்டும் சேமித்திருந்தார். மின்கட்டணம், ரயில் டிக்கெட், காப்பீடு என்று ஒவ்வொன்றையும் புதிதாக மீட்க இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்தேன்.

காரணம் இது. லோக்கல் கணக்கில், சேமித்த ரகசியங்களை விண்டோஸ் அந்தப் பயனரின் பாஸ்வேர்டிலிருந்து உருவாகும் சாவியால் பூட்டி வைக்கிறது. பழைய பாஸ்வேர்டைத் தட்டி அவரே மாற்றினால் விண்டோஸ் பூட்டைத் திறந்து புதுச் சாவியால் மறுபடி பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து அட்மின் திணித்தால் பழைய பூட்டு அப்படியே நிற்கும், திறக்கச் சாவி இருக்காது. அந்த எச்சரிக்கை சொன்னது இதைத்தான். ஆகவே பாஸ்வேர்டை மாற்றுவது எப்போதும் அவரவர் கணக்குக்குள் இருந்துதான். கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருகிற திரையில் அந்த வழி இருக்கும். உங்கள் அப்பாவின் கணக்கில் இப்போது பாஸ்வேர்டே இல்லை அல்லவா, அதை வைக்கும்போதும் அவர் கணக்கில் உட்கார்ந்து, சைன் இன் ஆப்ஷன்ஸில் போய் வையுங்கள். லோக்கல் கணக்குக்கு விண்டோஸ் மூன்று பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்கும், பதிலை அவரையே சொல்லச் சொல்லித் தட்டுங்கள், எழுத்துக்கூட்டல் எப்படி என்பதையும் குறித்து வையுங்கள். மறந்தால் அந்தக் கேள்விகள்தான் முதல் வழி. அட்மினிலிருந்து திணிப்பது கடைசி வழி.

பாஸ்வேர்டு என்பதே பகிர்ந்துகொள்ளும் கணினிக்காகப் பிறந்ததுதான். 1960-களின் தொடக்கத்தில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாடோ குழு உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில், ஒரே பெரிய கணினியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தினார்கள், ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று அளவு. ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைக்காமல் இருக்கப் பாஸ்வேர்டு வந்தது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குத் தன் பங்கு நேரம் போதவில்லை, பாஸ்வேர்டுகள் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்து மற்றவர் நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார். அன்று எம்ஐடியில் நடந்ததுதான் இன்று உங்கள் மகனும் கூடுதல் விளையாட்டு நேரத்துக்காகச் செய்யப்போவது, அதனால் பாஸ்வேர்டு எழுதிய சீட்டைக் கீபோர்டுக்கு அடியில் வைக்காதீர்கள்.

எப்படிப்பட்ட பாஸ்வேர்டு? பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்பதெல்லாம் பழைய யோசனை. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே அதைக் கைவிட்டு, நீளம்தான் முக்கியம், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. கட்டாயப்படுத்தி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு நான் சொல்வது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுவது. மாங்காய், ஏணி, கப்பல், திண்ணை என்பது போல (இதையே வைக்காதீர்கள்). அம்மாவால் மனக்கண்ணில் ஒரு படமாக நினைத்துக்கொள்ள முடியும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் முதல் வரி, குலதெய்வம் பெயர், பேரன் பிறந்த தேதி வேண்டாம். தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்டு வைப்பதும் வேண்டாம், நுழையும் திரையில் விசைப்பலகை ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் வெளியே நின்றுவிடுவீர்கள்.

தினமும் நான்கு சொல் தட்ட முடியாது என்றால் 'பின்' (PIN) என்கிற குறுகிய எண் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸின் பின் அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான் செல்லும். அதைத் தெரிந்துகொண்ட ஒருவரால் வேறு எங்கிருந்தும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய முடியாது. ஆனால் வீட்டுக்குள் இருப்பவர் உட்காரப்போவது அதே கணினியில்தானே, ஆகவே வண்டி எண், பிறந்த ஆண்டு எல்லாம் அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஆறு இலக்கமாக வையுங்கள்.

குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல் திறந்துவிட்டோம், அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. அது அறைக்கு நடுவே திரைச்சீலை தொங்கவிடுவது மாதிரி. ஒரே விண்டோஸ் கணக்கில் இருப்பவர் மூலையில் உள்ள படத்தை அழுத்தினால் அடுத்தவர் மின்னஞ்சலுக்குள் இருப்பார். சேமித்த பாஸ்வேர்டைக் காட்டும் முன் குரோம் விண்டோஸின் பாஸ்வேர்டையோ பின்னையோ கேட்கும், உங்கள் வீட்டில் இப்போது அதுவே இல்லை. வாட்ஸ்அப் வெப்பும் இப்படித்தான், ஒருமுறை இணைத்தால் அந்தப் பிரௌசரில் அப்படியே திறந்து கிடக்கும். பிரிக்கும் நாளில் ஐந்து பேரும் தங்கள் போனில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைத் திறந்து, பழையவற்றை நீக்கிவிட்டு, அவரவர் கணக்கில் புதிதாக இணைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு மைக்ரோசாஃப்டின் ஃபேமிலி சேஃப்டி இருக்கிறது, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று வைக்கலாம். அதற்கு அவனுக்கும் உங்களுக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அதன் இணைய வடிகட்டி எட்ஜ் பிரௌசரில்தான் வேலை செய்யும். இதை அமைப்பதற்கு முன் அவனிடம் சொல்லிவிடுங்கள். அதோடு இன்னொன்றையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்: 'வீடு' கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்தவர் நினைத்தால் யார் கோப்புறையையும் திறக்க முடியும். பூட்டியிருக்கிறது என்று அவர்களை நம்பவைத்துவிட்டு நீங்கள் பின்வாசலில் போய் வரக் கூடாது. அந்தப் பாஸ்வேர்டை நீங்களும் மனைவியும் இருவருமே வைத்திருங்கள், அதைத் தட்டுவது ஏதாவது இன்ஸ்டால் செய்ய மட்டும்தான் என்று பேசி வையுங்கள்.

எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்துவிட்டது என்றால் சைன் அவுட் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் பூட்டிவிட்டு அடுத்தவர் நுழையும்போது முதல் ஆளின் செயலிகளும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து பேரும் அப்படிப் பூட்டிவிட்டுப் போனால் 8 ஜிபி ராமும் திணறும். கணக்கு பிரித்ததால் கணினி மெதுவாகிவிட்டது என்கிற புகார் பெரும்பாலும் இதனால்தான்.

யாராவது கணக்கை நீக்க வேண்டி வந்தால் செட்டிங்ஸ் வழியாக நீக்காதீர்கள், அது கோப்புகளையும் சேர்த்து அழித்துவிடும். பழைய கண்ட்ரோல் பேனல் வழியாகப் போனால் கோப்புகளை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். அப்புறம், என்றாவது ஒருநாள் அப்பா நுழைந்ததும் டெஸ்க்டாப் காலியாக, புதுக் கணினி போலத் தெரிந்தால் பதற வேண்டாம். அவருடைய புரொஃபைல் சரியாக ஏறாமல் தற்காலிகப் புரொஃபைல் திறந்திருக்கும். அதில் எதையும் சேமிக்காமல், ஏனென்றால் வெளியே வந்ததும் அது அழிந்துவிடும், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால் 'வீடு' கணக்கில் நுழைந்து யூசர்ஸ் கோப்புறையில் அவர் பெயரைத் திறங்கள், எல்லாம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும், நகலெடுத்துக்கொள்ளலாம். கணக்கின் பெயரைப் பிறகு மாற்றியிருந்தாலும் கோப்புறையின் பெயர் பழையதாகவே இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, தாளில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதுங்கள். இணையத்தில் எங்கோ உட்கார்ந்து திருடுகிறவனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஒரு உறையில் நான்கு விஷயம் போதும்: 'வீடு' கணக்கின் பாஸ்வேர்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலும் அதன் மீட்பு போன் எண்ணும், அந்த 48 இலக்கச் சாவி, அப்பா அம்மாவின் பாஸ்வேர்டும் அவர்கள் சம்மதித்தால் மட்டும். வங்கிப் பாஸ்வேர்டும் ஏடிஎம் பின்னும் அதில் வேண்டாம். நிறையத் தளங்களின் பாஸ்வேர்டை நினைவில் வைக்க வேண்டியவர் நீங்களும் மனைவியும் என்றால், அவற்றைப் பூட்டிச் சேமித்து வைக்கும் செயலியான பிட்வார்டன் அல்லது கீபாஸ் எக்ஸ்சி போட்டுக்கொள்ளுங்கள், இரண்டையும் காசில்லாமல் பயன்படுத்தலாம், ஆனால் அதன் தலைமைப் பாஸ்வேர்டை மறந்தால் அதை உருவாக்கியவர்களாலும் எடுத்துத் தர முடியாது, அதையும் அந்த உறைக்குள் வைத்துவிடுங்கள். உறையை ஒட்டி, மேலே தேதி போட்டு, நிலப் பத்திரம் இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று மனைவியிடமும் அப்பாவிடமும் காட்டிவிடுங்கள்.